மெழுகுச் சாய முக்காடு

"இப்படி இல்ல புள்ள, நெத்தி நல்லா மறையணும். முடி ஒரு இழை வெளிய தெரிஞ்சாலும் போச்சு!"

லரீபா அந்தப் பெண்ணின் முக்காட்டை அவிழ்த்து மறுபடியும் போட்டுவிட்டாள். மெழுகால் பூ வரைந்து, நீலச் சாயத்தில் முக்கி, பிறகு வெந்நீரில் மெழுகை உருக்கி எடுத்த துணி அது. மெழுகு வெடித்த இடங்களில் மயிரிழை போல நீலக் கோடுகள் ஓடின. பதுளைக் கடைத்தெருவில் மொஹிதீன் கடையில்தான் அந்தத் துணி கிடைக்கும். மொஹிதீன் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். கடையில் அவர் மனைவி லரீபா மட்டும்தான்.

விடியும் நேரத்தில் இராமையா வந்து கதவைத் தட்டியிருந்தான். அப்புத்தளைப் பக்கம் மொஹிதீன் துணி விற்கப் போகும்போதெல்லாம் மூட்டை சுமந்து பழகிய தேயிலைத் தோட்டத்துப் பையன். கூடவே இந்தப் பெண். இரவெல்லாம் நடந்த கால்கள் வீங்கியிருந்தன. தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் பிடிபட்டால் ஜெயில். கூலிகளை மேய்க்கும் கங்காணியின் ஆட்கள் கையில் சிக்கினால் ஜெயிலுக்குப் போகக் கால் இருக்காது.

இராமையா உள்ளறையில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். பசறை வழியாக மட்டக்களப்புக்குப் போகிற மாட்டுவண்டி மதியம் கிளம்பும். அதில் முஸ்லிம் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருவரையும் ஏற்றிவிட நினைத்திருந்தாள் லரீபா.

"இந்த ஓரம் குட்டையா இருக்கட்டும். நீள ஓரத்தத் தாடைக்குக் கீழ சுத்தி, எதிர்த் தோள்ல போட்டுக்க. யாரு கேட்டாலும் நீ காமிலா, என் தங்கச்சி மக. சரியா?"

தெருவைப் பார்த்த பெண் அப்படியே வெளிறிப்போனாள்.

"கங்காணி…"

கோட்டும் தலைப்பாகையுமாக அழகையா கங்காணி படியேறிக்கொண்டிருந்தார். பின்னால் தடிகளோடு ஆட்கள். லரீபா சட்டென்று துணியை இழுத்துப் பெண்ணின் மூக்குவரை மறைத்தாள்.

"ஒரு பயலும் ஒரு பொட்டப்புள்ளையும் தோட்டத்த விட்டு ஓடிட்டாங்க. இங்க வந்தாங்களா?"

"இல்லீங்களே."

கங்காணியின் பார்வை முக்காட்டின் மேல் நின்றது.

"இது யாரு?"

"என் தங்கச்சி மக காமிலா. தொண்ட கட்டிக்கிச்சு, பேச முடியாதுங்க."

"உள்ள போய்ப் பாத்துறவாங்க?" என்று ஒருவன் உள்ளறைப் பக்கம் நகர்ந்தான்.

"பொம்பளைங்க இருக்கிற வீட்டுக்குள்ள நொழைவியாடா? எல்லாரும் வெளிய நில்லுங்க!"

கங்காணி அதட்டியதும் ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். கங்காணி மட்டும் நின்றார்.

"துணி நல்லாருக்கே. வீட்ல பொம்பளைக்கு ஒண்ணு எடுக்கணும். போட்டா எப்படி இருக்கும்னு பாக்கணும். அந்தப் புள்ளைய நடந்து காட்டச் சொல்லுங்க."

மறுத்தால் சந்தேகம் வரும். லரீபா பெண்ணுக்குக் கண்ணைக் காட்டினாள். பெண் தலையைக் குனிந்தபடி நடந்தாள். தோளிலிருந்த துணி நழுவ, பிடிக்கப் போன கை வெளியே வந்தது. முன்கை நிறையப் பச்சை குத்திய கோலம்.

எந்த முஸ்லிம் பெண் பச்சை குத்தியிருக்கிறாள்?

கங்காணி அந்தக் கையையே பார்த்தார்.

"கை தெரியுதே," என்றார் மெல்ல. "மணிக்கட்டு வரைக்கும் மறைக்கணும். தோள்ல ஒரு ஊசி குத்தணும். பசறை ரோட்டுல காத்து பலமா அடிக்கும். சும்மா போட்டா பறந்துரும்."

பசறை! லரீபா அந்தப் பேரை வாயால்கூடச் சொல்லவில்லையே! ஊசியை எடுத்துப் பெண்ணின் தோளில் குத்தினாள்.

கங்காணி இன்னொரு தடவை பார்த்தார். "இப்ப சரி," என்றவர் தெருவில் இறங்கிக் கத்தினார்:

"இங்க யாரும் இல்லடா! பண்டாரவளை ரயிலடிக்குப் போயிருப்பாங்க. ஓடுங்க!"

ஆட்கள் ஓடினார்கள். துணி எதையும் வாங்காமல், திரும்பிப் பார்க்காமல் அவரும் போய்விட்டார்.

லரீபா கதவைத் தாழிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"அல்லாவே! அந்த மனுஷன் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டாரு புள்ள. அப்புறம் ஏன் விட்டுட்டுப் போறாரு?"

அந்தப் பெண் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு தரையில் சரிந்தாள். சத்தமில்லாமல் உடம்பு குலுங்கியது.

"அவரு எங்க அப்பா, அக்கா…"