சுருட்டி வைத்த ஷீட்

“அந்த ஷீட் எங்கே போச்சு?” என்று வேலையைப் பார்க்க வந்த வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து போட்ட சத்தத்தில் வேதமுத்து மேஸ்திரியின் கையிலிருந்த டீ தளும்பியது. எழுபது வருஷத்துப் பழைய வீடு. ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருப்பது தெரிந்ததுமே, பேரனைத் தூக்கிக்கொண்டு குடும்பமே வாடகை வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பெயிண்டைத் தேய்க்கும்போது விழும் தூசி குழந்தையின் வாய்க்குள் போனால் மூளையைக் கெடுக்கும், தரையில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தூசியோடு கட்டித் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று டாக்டர் மருமகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் முனீஸ்வரியிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவள் நின்றுவிடுவாள், வேறு ஆளுக்கு எங்கே போவது? வேலை முடிந்த வீட்டில் மிஞ்சியதை ஆட்கள் எடுத்துப்போவது வழக்கம். நேற்று சாயங்காலம் அவள் சுருட்டிய ஷீட்டைக் காட்டி, “எடுத்துக்கிடட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டபோது, போனில் பேசிக்கொண்டே போ போ என்று கையை ஆட்டியவர் அவர்தான். இப்போது அந்தக் கையிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து முனீஸ்வரி சிரித்துவிட்டாள்.

“என்னமோ நான் திருடிட்டுப் போன மாதிரி முழிக்கிறீங்க. எங்க வாசல்ல நல்லா உதறிட்டு, பாப்பா தவழ விரிச்சுப் போட்டேன் அண்ணாச்சி. காலையில நான் கிளம்புறப்பகூட அதோட ஓரத்தைச் சப்பிக்கிட்டே கிடந்தா.”