கம்பத்தில் கட்டிய அஞ்சலி

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருமுனையில், போன வாரம் இறந்துபோன தினகரனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறுகிறது. மகளோடு கூடைப்பந்து ஆட அவர் நட்ட கம்பத்திலேயே, வளையத்தை மறைத்துக் கட்டுகிறார்கள். கயிற்றை இழுத்து முடிபோடுகிறவர் நலச்சங்கச் செயலாளர் ஏகநாதன். பந்துச் சத்தம் தாங்கவில்லை, கம்பத்தைப் பிடுங்கு என்று வருஷக்கணக்கில் கத்தியவரும் இவர்தான். பேனரில் தினகரன் முகம் தபால்தலை அளவுக்கு மூலையில் கிடக்கிறது. நடுவில் ஏகநாதன், கைகூப்பி, பல் தெரிய. வெயில் அந்தப் பளபளப்பில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. பக்கத்திலேயே தினகரன் வீட்டுக் கேட்டுக்குள் அவருடைய பழைய பியட் கார் புழுதியோடு நிற்கிறது. அதன் இடப்பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். ஒவ்வொரு முறையும் சுற்றி வந்து மனைவி உதயாவுக்குத் திறந்துவிடுவார். "பொண்டாட்டிக்கு டிரைவர்" என்று தெருவே இளிக்கும். அந்தக் கதவில் சாய்ந்து இப்போது உதயா நிற்கிறாள். "தங்கமான மனுஷன்மா. ஃபேமிலின்னா உயிரு அவருக்கு," என்கிறார் ஏகநாதன். மகள் தமிழினி பந்தோடு வெளியே வந்து தரையில் தட்டுகிறாள். தெரு அதிர்கிறது. "இன்னிக்குமாம்மா?" என்று ஏகநாதன் முகம் சுளிக்கிறார். தமிழினி எறிந்த பந்து பறந்துபோய், அச்சடித்த அவர் சிரிப்பின்மேல் பொத்தென்று மோதி, கேட்டுப் பக்கம் உருண்டு வருகிறது. "மெதுவாடி, பக்கத்துல திட்டுவாங்க" என்று இத்தனை நாள் மகளை அடக்கியவள் உதயா. குனிந்து பந்தை எடுத்து மகளிடம் நீட்டுகிறாள்.

"இன்னொரு தடவ போடு."