கேப்டன் கேட்ட கேள்வி

"அந்த ரோரிப் பயல் உன்கிட்ட ஊசி போட்டுக்கிறானா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு, போதும்!"

கேப்டன் இன்னஸ் கார்ட்னோ போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக் கண்ணாடி அதிர்ந்தது. ஃப்ரேசர்பரோ மீன்பிடித் துறைமுகத்தில் அவர் குரலுக்குக் கடற்காகமே ஒதுங்கும்.

கடைக்காரி எல்ஸ்பெத் நிமிரவில்லை. காது மருந்துப் புட்டியில் சீட்டை ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

"உள்ள இருக்கிற ஊசி அறைக்கு யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு நான் சொல்றதில்ல, கேப்டன்."

"என் படகு! என் ஆளு!"

"என் கடை. என் வாய்."

காது மருந்துக்காகக் காத்திருந்த நோபிள் அம்மாள் களுக்கென்று சிரித்தாள். "காது கேக்கலைன்னு வந்தேன். இன்னஸ் வாயைத் திறந்ததும் சரியாப் போச்சு. மருந்து வேணாம்டி!"

கேப்டன் முறைத்த முறைப்பில், வேண்டாமென்ற மருந்தையும் வாங்கிக்கொண்டு நழுவினாள்.

அன்று காலையில்தான் எல்ஸ்பெத் ரோரிக்கு ஊசி போட்டு அனுப்பியிருந்தாள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருகிறவன். முன்பெல்லாம் தினமும் அவள் எதிரில் நின்று, போதை ஏக்கத்தை அடக்கும் பச்சை மருந்தைக் குடித்துவிட்டுப் போக வேண்டும். தினமும் கரைக்கு வரவேண்டியவனை எந்தப் படகு ஏற்றும்? இப்போது வயிற்றில் ஒரு ஊசி போட்டால் மாதம் முழுக்கத் தாங்கும். அதனால்தான் கார்ட்னோவின் படகில் அவனுக்கு மறுபடி இடம் கிடைத்தது. இவள் வாயைத் திறந்தால் அந்த இடம் போச்சு.

கேப்டன் கவுண்டரில் கையூன்றிக் குனிந்தார். குரல் பேரத்துக்கு இறங்கியது.

"இதோ பாரு. இந்தத் துறைமுகத்துப் படகுக்கெல்லாம் மருந்துப் பெட்டி நிரப்பறது யாரு? நீ. படகுக்காரங்க சங்கத்துல என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நீ சொல்லக்கூட வேணாம், தலையை ஆட்டு. ஆட்டலேன்னா, பெட்டி எல்லாம் இனி பீட்டர்ஹெட் துறைமுகத்துக் கடைக்குப் போகும்."

அந்தப் பெட்டிகள்தான் அவள் கடைக்குப் பாதிப் பிழைப்பு.

"போகட்டும்" என்றாள். "இந்த விஷயத்துல நான் பாவமன்னிப்புக் கேக்கற பாதிரியார் மாதிரி. காதுல விழுந்தது..."

"ஏய்! படகு கிளம்பற நாள்ல அந்தப் பேரைச் சொல்லாதே, கடலுக்கு ஆகாது!" பதறிப்போய், அபசகுனம் கழிய இரும்பு அலமாரியைத் தொட்டுக்கொண்டார் கேப்டன்.

"சொல்வேன். பாதிரியார், பாதிரியார், பாதிரியார்! ஒரு பையன் தட்டுத்தடுமாறி எழுந்து நிக்கிறான், அவன் காலை வாரிவிட என்னையே கூப்பிடறீங்களா? உங்க பெட்டியை எங்க வேணா தூக்கிட்டுப் போங்க. வாசல் அங்க இருக்கு!"

கேப்டன் வாசல்வரை போனார். வெளியேறவில்லை. கதவில் தொங்கிய பலகையை ‘கடை மூடியிருக்கிறது’ என்ற பக்கம் திருப்பிவிட்டார்.

எல்ஸ்பெத்தின் கை தொலைபேசிப் பக்கம் போனது.

திரும்பி வந்தவரிடம் பழைய குரல் இல்லை. கம்பளிச் சட்டையை மெல்ல உயர்த்தினார்.

"எங்க போடணும்? இங்கயா?"

"என்னது?"

"முதுகு வலிக்குன்னு ஆரம்பிச்ச மாத்திரை. எங்கெங்கயோ வாங்கித் தின்னேன். இப்ப அதுதான் என்னைத் தின்னுது. அபர்டீன் டாக்டர் இந்த ஊசியை எழுதிட்டார். இனி மாசாமாசம் உன்கிட்டத்தான் வரணும். வெளிய தெரிஞ்சா என்னை நம்பி எவன் கடலுக்கு வருவான்? அதான்... உன் வாய் உறுதிதானான்னு சோதிச்சுப் பார்த்தேன்."

அவள் ஊசி அறைக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கையுறையை மாட்டும்போதும் கோபம் ஆறவில்லை.

"அதுக்கு ரோரி பேரை ஏன் இழுத்தீங்க? பாவம், அவன் வேலை..."

"அவன் வேலைக்கு என்ன? உன்னை நம்பலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான்தான் கேக்கலை."

ஊசியைப் பார்க்க மாட்டாமல் கேப்டன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என் கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனவனே அவன்தான், எல்ஸ்பெத்."