எங்க வம்சத்துல கிடையாது

"கதவச் சாத்து உண்ணாமலை. சத்தம் வெளிய போவக் கூடாது."

மாமியார் ஜோதியம்மாள் சொன்னதைக் கேட்டு உண்ணாமலை திகைத்துப்போனாள்.

பாயில் கிடந்த ஒன்றரை வயது மகள் இனியாவுக்குக் கண்கள் மேலே செருகியிருந்தன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தொட்டால் உடம்பு அனலாய்ச் சுட்டது.

"அத்தை, கொழந்தைக்கு இழுக்குது அத்தை! ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம்!"

"கத்தாதடி. கூடத்துல மாப்ள வூட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க. வலிப்பு வர்ற குடும்பம்னு தெரிஞ்சா ஆர்த்தி கல்யாணம் இன்னா ஆவும்?"

ஆர்த்தி ஜோதியம்மாளின் ஒரே மகள். வயது இருபத்தேழு. ஏழெட்டு வரன்கள் தட்டிப்போன பிறகு போளூரிலிருந்து இந்த இடம் அடி அண்ணாமலைக்குத் தேடி வந்திருந்தது. பையன் வளவன் பள்ளிக்கூட வாத்தியார். கூடத்தில் அப்போதுதான் கேசரி பரிமாறியிருந்தார்கள்.

"பல்லக் கடிச்சிக்கினு கெடக்குது பாரு. நாக்கு துண்டாயிடும்" என்று ஜோதியம்மாள் கேசரிக் கரண்டியின் காம்பைக் குழந்தையின் வாய்க்குள் நுழைத்து நெம்பப் பார்த்தாள். உதட்டில் ரத்தம் கசிந்தது.

உண்ணாமலை வாய்விட்டு அலறிவிட்டாள்.

கதவு திறந்தது. வளவனின் அம்மா சந்திரம்மாள் நின்றாள். வந்ததிலிருந்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காதவள்.

"கரண்டிய எடுங்க மொதல்ல. வாயில எதையும் வெக்காதீங்க."

விறுவிறுவென்று வந்து உட்கார்ந்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இறுக்கமான கவுனின் கொக்கிகளைக் கழற்றினாள். துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தாள். துடிக்கும் கையைப் பிடிக்கப்போன ஜோதியம்மாளைத் தடுத்தாள்.

"அமுக்காதீங்க. தானா நிக்கும்."

பிறகு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிஷம் இருக்கும். உண்ணாமலைக்கு உயிர் போய் உயிர் வந்தது. இழுப்பு மெல்ல அடங்கி, குழந்தை ஈனக்குரலில் அழுதது.

சந்திரம்மாள் எழுந்து கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வளவா, டிரைவரக் கூப்புடு. கௌம்பணும்."

ஜோதியம்மாள் ஓடிவந்து வழியை மறித்தாள். "அம்மா, போயிடாதீங்க. என் பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாதும்மா..."

"எங்க போறது? கொழந்தையத் தூக்கினு வாங்க, டவுனுக்குப் போவணும்."

அவர்கள் வந்த அம்பாசடரே இவர்களை ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் பறந்தது. பின்சீட்டில் உண்ணாமலையின் மடியில் குழந்தை. இந்தப் பக்கம் ஜோதியம்மாள், அந்தப் பக்கம் சந்திரம்மாள். முன்னால் வளவன்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா குழந்தையை நிதானமாகப் பரிசோதித்தார்.

"இது காய்ச்சல் வலிப்பும்மா. காக்கா வலிப்பு வேற, இது வேற. காய்ச்சல் வரும்போது சில கொழந்தைங்களுக்கு இப்படி இழுக்கும். பெரும்பாலும் அஞ்சாறு வயசுக்குள்ள தானா நின்னுடும். புத்திக்கு, படிப்புக்கு ஒண்ணும் ஆவாது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல நீடிச்சா மட்டும் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது. இன்னிக்கு இங்கயே இருக்கட்டும், காய்ச்சல் எதனாலன்னு பாக்கறேன்."

உண்ணாமலை குழந்தையின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசுல இப்படி வந்திருக்கா?"

"ஐயோ, எங்க வம்சத்துலயே கெடையாதுங்க!" என்றாள் ஜோதியம்மாள் அவசரமாக.

"இருந்தாலும் அவமானம் இல்லம்மா. சும்மா குறிச்சு வெச்சிக்கக் கேட்டேன்" என்று டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்தார். வளவன் அதை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் ஜோதியம்மாள் சந்திரம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கரகரவென்று வழிந்தது.

"டாக்டரம்மா சொன்னத நீங்களும் கேட்டீங்க. இது நோயே இல்லையாம். பச்சப்புள்ளைக்கு இழுத்ததுக்கு ஆர்த்தி இன்னாம்மா பண்ணுவா? இத மனசுல வெச்சிக்கினு என் பொண்ண வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமா போவும்."

பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

சந்திரம்மாளின் முகம் முதல்முறையாக இளகியது.

"அழாதீங்க. நான் எதுக்கு வேணாம்னு சொல்லப்போறேன்? எனக்குத் தெரியாததா? எங்க வளவனுக்கு நாலு வயசுக்குள்ள மூணு வாட்டி இந்த மாதிரி வந்துச்சு. மொத வாட்டி நானுந்தான் வாயில கரண்டியத் திணிச்சு ரெண்டு பல்ல ஒடைச்சேன். அப்புறம் ஒரு நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க. நாலு வயசோட நின்னுச்சு, இன்னிவரைக்கும் ஒண்ணுமில்ல. இத வெளிய யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. நீங்க இவ்ளோ தவிக்கறதப் பாத்தப்புறம் உங்ககிட்ட மறைக்க மனசு வர்ல."

வராந்தாக் கோடியில் வளவன் மருந்து பாட்டிலோடு வேகமாக வந்துகொண்டிருந்தான்.

ஜோதியம்மாள் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

பிடித்திருந்த கைகளை மெல்ல விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மறைக்காம சொன்னதும் நல்லதாப் போச்சுங்க. நாங்க வூட்டுல கலந்து பேசிட்டு லெட்டர் போடறோம்."