ரெண்டே ஸ்பூன் தண்ணி

“ரெண்டே ஸ்பூன் தண்ணிதான்க்கா, சிறு தீ. காயோட ஈரத்துலயே காய் வெந்துடும். மூடியை மட்டும் திறந்துடாதீங்க, ஆவியோட கேஸும் வீண்” என்றார் பாத்திரம் விற்க வந்தவர். ஏறி இறங்கிய வீடுகளில் இது ஏழாவது. இந்த மாதம் ஒன்றுகூட விற்கவில்லை. டெமோவுக்குக் காயும் அவர் செலவு.

நாற்காலியில் சாய்ந்தபடி அந்த வீட்டு அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பத்து நிமிடத்தில் வெந்தது, குடும்பமே தட்டோடு வந்ததில் ஐந்து நிமிடத்தில் காலியானது.

“ஆர்டர் எழுதிக்கட்டுமாக்கா?”

“வேண்டாம் தம்பி. கேன்டீன்ல தினம் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவ நான். இதை வாங்கிட்டா வீட்லயும் நான்தானே சமைக்கணும்?”

அவர் பாத்திரத்தைக் கழுவினார்.

“நாளைக்குக் குக்கர்காரர் டெமோ. உங்க கைப்பக்குவம் நல்லாயிருக்கு, வியாழக்கிழமை யாரும் வரலை, மறுபடி வாங்க.”