மேட்டுக்குப் போகும் ஓட்டு

அந்தத் தீவில் மேடு ஒன்றுதான். கடல் பொங்கும் பருவத்தில் அங்கே யாருக்கு இடம் என்பதைத் தென்னை நண்டுகளின் சபை முடிவு செய்யும். கீழ்மணலில் கிடந்த சங்கு நண்டுகளுக்குச் சபையைத் தேர்ந்தெடுக்க ஓட்டும் இல்லை, மேட்டில் இடமும் இல்லை. ஆண்டுதோறும் மூழ்கிச் செத்தன.

ஒற்றைக்கொடுக்கி என்ற சங்கு நண்டு ஓட்டுக் கேட்டு இருபது வருடம் போராடியது. மறு கொடுக்கு அதில்தான் போனது. கடைசியில் சபை இணங்கியது.

ஓட்டு நாளன்று சங்கு நண்டுகள் பாடிக்கொண்டே வந்தன. தேர்தலில் நின்ற நால்வரும் தென்னை நண்டுகள்.

"எங்க ஆளு ஒருத்தரையும் காணோமே, பெரியவரே?" என்று ஓட்டு வாங்க உட்கார்ந்திருந்த கிழத் தென்னை நண்டிடம் கேட்டது ஒற்றைக்கொடுக்கி.

"ஓட்டுப் போட யாரும் வரலாம், தாயே. நிற்கப் பட்டம் வேணும். அது முன்னோர் வழக்கம்."

"பட்டத்தை யாரு குடுக்கிறது?"

"நாங்கதான். நீ கேட்டது ஓட்டுத்தானே? போடு, வெயில் ஏறுது."

நால்வரில் கொஞ்சம் நல்லதாகத் தெரிந்த ஒன்றுக்குப் போட்டது.

மறுவாரம் கடல் பொங்கியது. ஒற்றைக்கொடுக்கி பிள்ளைகளோடு மேட்டுக்கு ஓடியது. காவல் நின்ற தென்னை நண்டு வழியை மறித்தது.

"உங்களுக்கு இடமில்லைன்னு புதுச் சபை முடிவு பண்ணிடுச்சு."

"பாவிகளா, பழைய சபையும் இதைத்தானே சொல்லிச்சு?"

"அப்ப நாங்க சொன்னோம். இப்ப நீங்க தேர்ந்தெடுத்த சபை சொல்லுது" என்றது காவல் நண்டு, மிகுந்த மரியாதையோடு.