ஐந்தாவது துண்டு

பிக்கட்டி என்ற மலையூருக்குக் கீழே, ஆற்றோரத்தில் எனக்கொரு வீடு இருக்கிறது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தேன். ‘திடீரெனத் தண்ணீர் வரும், ஆற்றில் இறங்காதீர்கள்’ என்றொரு பலகை வாசலுக்கு எதிரே நின்றது. விளம்பரத்துக்குப் படம் எடுத்தபோது அது ஆற்றை மறைத்தது. பிடுங்கி விறகுக் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். திரும்ப நடவில்லை.

போன மே மாதம் திருப்பூரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் நவநீதன் என்பவர் வீட்டின் ஐந்து நீலத் துண்டுகளில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார். மறுநாள்தான் உடலை எடுத்தார்கள். துண்டு கிடைக்கவில்லை. பலகையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதென்று எல்லோரிடமும் சொன்னேன்.

வீட்டில் மிச்சம் நான்கு துண்டுகள். விருந்தினர் கிளம்பியதும் அவற்றைத் துவைக்கும் பேச்சியம்மா போனில் கேட்பார்.

“ஏனுங்க, நாலு துண்டுதானுங்களே? கொடியில அஞ்சு கெடக்குதுங்க.”

“தப்பா எண்ணியிருப்பீங்க.”

அவர் மடித்து வைக்கும்போது நான்குதான் இருக்கும்.

மூன்றாம் முறை அவர் கேட்டதும் நேரில் போய் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டேன். கொட்டகைச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.

இன்று காலை பேச்சியம்மா கூப்பிட்டார்.

“வெள்ளத்துல போச்சுன்னீங்களே, அந்தப் பலகை பழைய எடத்துலயே நிக்குதுங்க. அது மேல நீலத் துண்டு ஒண்ணு, தண்ணி சொட்டச் சொட்டக் கெடக்குது. நீங்க வந்து நட்டுட்டுப் போனீங்களா?”

சட்டைப்பையில் சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

“ஆமா, நான்தான்” என்றேன்.